ஸ்மார்ட் பேக்கா, சாதா சாக்கா?

ஓசூர் சிப்காட்டில் பெரிய கம்பெனி எதற்குள்ளாவது போகும் யோகம் அடித்தால், ரிசப்ஷனில் காபி வருவதற்குள் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். இட்லி ஒன்றைக் கவிழ்த்து சீலிங்கில் ஒட்டிவைத்த மாதிரி வெள்ளையாக ஒரு சமாசாரம் தெரியும். ஓரத்தில் கடுகளவு சிவப்பு விளக்கு அவ்வப்போது கண் சிமிட்டும். நம்மைப் பார்த்துத்தான் சிமிட்டுகிறது என்று தலைமுடியைச் சரி செய்துகொள்ள வேண்டாம். அதற்கு ஸ்மோக் டிடெக்டர் என்று பெயர். ராத்திரி பகல் பாராமல் புகை வருகிறதா என்று மோந்து பார்த்துக்கொண்டிருக்கிற மூக்கு.

இந்த மூக்கை எங்கே வைப்பது, எவ்வளவு இடத்துக்கு ஒன்று, எப்படிப் பராமரிப்பது என்பதற்கெல்லாம் ஐ.எஸ். 2189 என்று ஓர் இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் கர்மசிரத்தையாக மாட்டி வைத்திருப்பார்கள். சந்தோஷம்.

ஷிஃப்ட் முடிகிறது. அதே கம்பெனியில் வேலை பார்த்த நம்ம ஆள் பஸ் பிடித்து வீட்டுக்கு வருகிறார். வீடு என்றால் லைன் வீடு. பத்துக்குப் பத்து ரூம், ஒரே வாசல், ஒரே ஜன்னல். நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்க வேண்டுமே என்று அந்த ஜன்னலுக்கும் அட்டை அடித்தாயிற்று. மாடிப்படிக்குக் கீழே எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜ் ஏறுகிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஃபிரிட்ஜ், டி.வி., மூன்று போன் என்று கூட்டுக் குடும்பம். மெத்தையோ ஃபோம் மெத்தை. இப்போது அண்ணாந்து பாருங்கள். சீலிங்கில் என்ன இருக்கிறது? ஒரு ஃபேன். அப்புறம் ஒரு பல்லி.

பி.காம். படித்தவன் புத்தி, எதையும் பாலன்ஸ் ஷீட்டில் வைத்துத்தான் பார்க்கும். மெஷின் என்பது கம்பெனிக்கு சொத்து. அதைக் காக்க தலைக்கு மேலே மூக்கு. மெஷினை ஓட்டுகிற மனுஷன் எட்டு மணி நேரம் அந்த மூக்குக்குக் கீழே இருப்பதால் ஓசியில் பிழைத்துக்கொள்கிறான். மிச்சப் பதினாறு மணி நேரம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

* * *

"நெருப்புப் பிடித்தால் நாற்றம் வராதா? எழுந்துக்க மாட்டோமா?" என்று கேட்காதவர் யாருமே கிடையாது.

எழுந்துக்க மாட்டோம் சார். அதுதான் விஷயம். நாம் தூங்கும்போது மூக்கும் சேர்ந்து தூங்கிவிடுகிறது. காது மட்டும்தான் அரைக் கண் திறந்த வாட்ச்மேன் மாதிரி ஓரளவு விழித்திருக்கும். போதாததற்கு, புகையில் கார்பன் மோனாக்சைடு என்று ஒரு எமன். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்காருகிற சீட்டில், அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகத் துண்டு போட்டு உட்கார்ந்துவிடும். ஆசாமி இருமக்கூட மாட்டார். தூக்கம் இன்னும் ஆழமாகும். அவ்வளவுதான்.

2022 மார்ச்சில் வேலூரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வீட்டில் ராத்திரி சார்ஜில் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பற்றிக்கொண்டது. அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். உயிரைக் குடித்தது புகை. 2024 டிசம்பர் 12 அன்று திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தீ. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள் மூச்சுத் திணறிப் போனார்கள். அவர்களில் ஒரு குழந்தையும் உண்டு. நம்ம ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் இருக்கிற பெங்களூரில், 2010 பிப்ரவரி 23 அன்று கார்ல்டன் டவர்ஸ் கட்டடத்தில் 9 பேர் இறந்தார்கள். அங்கேயும் படிக்கட்டில் ஏறி வந்தது புகைதான். மூச்சு முட்டி மாடியிலிருந்து குதித்தவர்களும் உண்டு.

"நீ என்னய்யா வேலூர், திண்டுக்கல் என்று சுற்றுகிறாய்? நம்ம பக்கமே 2023 ஜூலையில் கிருஷ்ணகிரி பழையபேட்டை பட்டாசு குடோன், அக்டோபரில் அத்திப்பள்ளி பட்டாசுக் கடை என்று எத்தனை உயிர்!" என்பீர்கள். வாஸ்தவம். பழையபேட்டையில் 9 பேர். அத்திப்பள்ளியில் 14 பேர் அன்றைக்கே. ஆஸ்பத்திரியில் சேர்த்தவர்களிலும் சிலர் அப்புறம் போனார்கள். தீபாவளி சீசனுக்கு நாலு காசு சம்பாதிக்க வந்த நம்ம தமிழ்நாட்டுப் பையன்கள்தான் பெரும்பாலும். ஆனால் பட்டாசு வெடித்தால் டிடெக்டரால் ஒன்றும் ஆகாது. மோந்து பார்க்கவே அதற்கு நேரம் கிடைக்காது. இங்கே நான் பேசுவது, சத்தம் போடாமல் மெதுவாக வருகிற தீயைப் பற்றி. அதை ஜெயிக்கலாம்.

எவ்வளவு மெதுவாக? அதிலும் இப்போது ஒரு சிக்கல். அமெரிக்காவில் யு.எல். என்ற சோதனை நிறுவனம் ரெண்டு மாதிரி அறைகளைக் கொளுத்திப் பார்த்தது. பஞ்சு, மரம் என்று பழைய காலத்துச் சாமான் வைத்த அறை முழுசாகப் பற்ற அரை மணி நேரம் ஆயிற்று. ஃபோம் சோபா, பாலியஸ்டர் திரை என்று இந்தக் காலத்துச் சாமான் வைத்த அறை? ஐந்து நிமிஷத்துக்குள் அவுட். தாத்தா காலத்தில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவருக்குக் கிடைத்த அவகாசம், தவணையில் வாங்கிய சோபாவில் படுத்திருப்பவருக்குக் கிடையாது.

* * *

சரி, அந்த இட்லிக்குள் என்னதான் இருக்கிறது?

டூரிங் டாக்கீஸ் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு சுலபமாகப் புரியும். தலைக்கு மேலே புரொஜக்டரிலிருந்து திரைக்கு வெளிச்சம் போகும். காற்று சுத்தமாக இருந்தால் அந்த வெளிச்சம் போகிற பாதையே தெரியாது. பெஞ்சு டிக்கெட்டில் ஒரு பெரியவர் பீடி பற்ற வைத்தால் போதும், சுருள் சுருளாகப் புகை ஏறி, வெளிச்சத் தூண் பளிச்சென்று தெரியும். புகைத் துகளில் ஒளி பட்டு நாலா பக்கமும் சிதறுவதால் வருகிற காட்சி அது.

டிடெக்டருக்குள்ளும் அதே டாக்கீஸ்தான். இருட்டறை. ஒரு மூலையில் குட்டி விளக்கு. விளக்கு நேராகக் கண்ணில் படாதபடி இன்னொரு மூலையில் ஓர் ஒளி உணரும் கண். புகை இல்லாதவரை கண்ணுக்கு எதுவும் தெரியாது. புகை நுழைந்ததும் ஒளி சிதறிக் கண்ணில் விழும். உடனே 'வீல்' என்று ஊளை. இதற்கு ஃபோட்டோ எலெக்ட்ரிக் என்று பெயர். புகைந்து புகைந்து பற்றுகிற மெத்தை, வயர் தீயை இது சீக்கிரம் பிடித்துவிடும்.

இன்னொரு ஜாதி உண்டு. அயனைசேஷன் வகை. 1930-களில் சுவிட்சர்லாந்தில் வால்டர் யேகர் என்கிற விஞ்ஞானி விஷவாயுவைக் கண்டுபிடிக்க ஒரு கருவி செய்தார். விஷவாயுவைக் காட்டினால் முள் அசையவே இல்லை. வெறுத்துப்போய் ஒரு சிகரெட் பற்ற வைத்தார். முள் ஆடியது! இந்த வகையில் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் துளியூண்டு இருக்கும். அது காற்றை மின்சாரம் கடத்த வைக்கும். புகை வந்தால் அந்த மின்சாரம் குறையும். உடனே மணி அடிக்கும். கொழுந்துவிட்டு எரிகிற தீயை இது விரைவாகப் பிடிக்கும். புகைந்துகொண்டே இருக்கிற தீக்கு மந்தம். தாளிப்புக்கும் கத்தித் தொலைக்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் வீடுகளுக்கு ஃபோட்டோ எலெக்ட்ரிக்தான் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். நமக்கும் அதுவே போதும்.

* * *

நம்ம எல்லைப் பக்கத்து மக்களுக்கு எலெக்ட்ரானிக் சாமான் என்றால் பெங்களூர் எஸ்.பி. ரோடுதான் காசி, ராமேஸ்வரம். அங்கே ஒரு கடையில் ஸ்மோக் டிடெக்டர் என்று கேட்டேன். கடைக்காரர் நிமிராமலே கேட்டார்:

"ஸ்மார்ட் பேக்கா சார், சாதா சாக்கா?"

கன்னடம் தெரியாத தமிழர்கள் கோபப்பட வேண்டாம். அவர் நம்மை 'பேக்கு' என்று திட்டவில்லை. கன்னடத்தில் பேக்கு என்றால் வேண்டும், சாக்கு என்றால் போதும். ஸ்மார்ட் வேண்டுமா, சாதா போதுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தக் கேள்வியைத் தமிழிலேயே எடுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஸ்மார்ட் என்ற பெயரில் பேக்கும் நிறைய விற்கிறது.

ஸ்மார்ட் டிடெக்டரும் மோந்து பார்ப்பது அதே மாதிரிதான். கூடவே ஒரு மூளையும் ஒரு வாயும் வைத்திருக்கிறார்கள். மூளை என்ன செய்யும்? நல்ல ரகங்களில் ரெண்டு நிறத்தில் வெளிச்சம் அனுப்பி, சிதறுகிற விகிதத்தை ஒப்பிட்டு, இது நீராவியா, தூசியா, நிஜப் புகையா என்று பிரித்துப் பார்க்கும். அடுத்த வீட்டில் சாம்பார் கொதித்தால் இங்கே அலறாது. தனக்குள் தூசி சேர்ந்தாலும் தானே கணக்குப் பண்ணி சரிக்கட்டிக்கொள்ளும். வாய் என்பது வை-ஃபை. புகை வந்தால் ஊளையிடுவதோடு, நீங்கள் எங்கே இருந்தாலும் போனுக்குச் செய்தி அனுப்பும். ஒரு ரூமில் உள்ளது கத்தினால் மற்ற ரூமில் உள்ளவையும் சேர்ந்து கத்துகிற ரகங்களும் உண்டு. இது அருமையான வசதி.

இப்போது நம்ம ஊர் நிலவரத்துக்கு வருவோம். போனுக்குச் செய்தி வருகிறது சரி, போன் எங்கே இருக்கிறது? எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் பலவற்றில் போனை உள்ளேயே விட மாட்டார்கள். அது லாக்கரில் உட்கார்ந்து 'புகை, புகை' என்று தனக்குத்தானே வைப்ரேஷனில் நடுங்கிக்கொண்டிருக்கும். எட்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பீர்கள். ஆகவே ஆப்பில் உங்கள் நம்பரோடு நிறுத்தாமல், பக்கத்து போர்ஷன்காரர், வீட்டு ஓனர் என்று ரெண்டு பேரையாவது சேர்த்துவிடுங்கள். வீட்டில் தூங்குகிற குழந்தை குட்டிகளை எழுப்ப அவர்களால்தான் முடியும்.

அடுத்தது, கரன்ட் போனால் ரவுட்டர் போகும். ரவுட்டர் போனால் செய்தியும் போகும். தீப்பிடித்தால் முதலில் போவதே கரன்ட்தான்! இதைவிடப் பெரிய விஷயம், அந்த ஆப்பை நடத்துகிற கம்பெனி நாளைக்குக் கடையைக் கட்டிவிட்டால்? 2013-ல் ஸ்மார்ட் டிடெக்டரைப் பிரபலமாக்கியதே நெஸ்ட் புரொடெக்ட்தான். அதை கூகுள் வாங்கியது. 2025-ல் இனிமேல் தயாரிப்பதில்லை என்று சொல்லிவிட்டது. கூகுளுக்கே இந்தக் கதி என்றால், பெயர் வாயில் நுழையாத மற்ற பிராண்டுகளை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதனால் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "வை-ஃபை இல்லாவிட்டாலும் இது தானாகக் கத்துமா?" கத்தும் என்றால் ஸ்மார்ட். 'ஆப் மூலமாகத்தான்' என்று இழுத்தால், அது நம்ம தமிழ்ப் பேக்கு.

* * *

மற்றபடி, பர்ஸை எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை:

ஒன்று, அட்டைப் பெட்டியில் ஃபோட்டோ எலெக்ட்ரிக் அல்லது ஆப்டிகல் என்று போட்டிருக்க வேண்டும்.

இரண்டு, யு.எல். 217 அல்லது இ.என். 14604 என்ற தர முத்திரை. முத்திரையே இல்லாத சரக்கு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். அது மூக்கு இல்லை, மூக்குத்தி.

மூன்று, சத்தம். மூன்று மீட்டர் தூரத்தில் 85 டெசிபல். இங்கே ஒரு விஷயத்தை ஓசூர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். பெரும்பாலான டிடெக்டர்கள் கீச்சுக் குரலில் அலறும். பிரஸ் ஷாப்பில் இருபது வருஷம் 'டம் டம்' என்று கேட்டுப் பழகின காதுக்கு முதலில் மங்குவதே கீச்சுக் குரல்தான். அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால், டிடெக்டர் ஹாலில் மட்டும் இருந்தால் போதாது; அவர் தலைமாட்டுக்கு மேலும் ஒன்று வேண்டும். 520 ஹெர்ட்ஸில் கட்டைக் குரலில் கத்துகிற ரகம் கிடைத்தால் இன்னும் உத்தமம். குழந்தைகளையும் அதுதான் சுலபமாக எழுப்புகிறது.

நான்கு, பேட்டரி. சீல் வைத்த பத்து வருஷ லித்தியம் பேட்டரி நல்லது. வை-ஃபை ரகங்கள் பேட்டரியைச் சீக்கிரம் தின்னும். பேட்டரி தீரும்போது நிமிஷத்துக்கு ஒருமுறை 'கீச்' என்கும். கீச்சைப் பொறுக்காமல் பேட்டரியைப் பிடுங்கி ரிமோட்டில் போடுகிற பழக்கம் உலகம் பூராவும் உண்டு. அமெரிக்காவில் வீட்டுத் தீயில் இறக்கிற ஐந்து பேரில் மூன்று பேர், டிடெக்டர் இல்லாத அல்லது இருந்தும் வேலை செய்யாத வீட்டுக்காரர்கள்.

ஐந்து, தயாரித்த தேதி. பத்து வருஷத்துக்கு மேல் எந்த மூக்கும் உழைக்காது. மாற்றிவிட வேண்டும்.

வாங்கியாயிற்று. எங்கே மாட்டுவது? படுக்கிற அறையில், சீலிங்கில். சுவரிலிருந்து ஓரடி தள்ளி. ஃபேன் பக்கத்தில் வேண்டாம். வருகிற புகையையெல்லாம் ஃபேன் ஊதித் தள்ளிவிடும். சாமி படத்துக்கு நேர் மேலேயும் வேண்டாம்; வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணிக்கு அது அருள் வந்து ஆடும். சமையலறையில் மிளகாய் தாளிக்கிற நம்ம வீடுகளுக்குப் புகை மூக்கு சரிப்படாது. அங்கே சூடு பார்த்துக் கத்துகிற ஹீட் டிடெக்டர் வைக்கலாம். ஷீட் போட்ட வீடு என்றால், வெயிலில் ஷீட்டுக்கு அடியில் தேங்கும் சூட்டுக் காற்று புகையை மேலே ஏற விடாது. கொஞ்சம் கீழே இறக்கி மாட்டுங்கள்.

கேஸ் கசிவை இது பிடிக்காது என்பதும் நினைவிருக்கட்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம்; தரையில் தவழும். அதற்கான டிடெக்டர் தனி, தரைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். மார்கழிக் குளிருக்கு ரூமுக்குள் கரி அடுப்பு வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவர்களுக்கு எந்த இட்லியும் உதவாது. கனன்ற கரி புகையே இல்லாமல் கார்பன் மோனாக்சைடு கக்கும். கரியை வெளியே வையுங்கள்.

ஸ்கூட்டர் விஷயம். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் தயாராவதே நம்ம ஓசூர், போச்சம்பள்ளி பக்கம்தான். நம்ம ஊர்ச் சரக்கை நாமே பழித்துப் பேச வேண்டாம். 2022-ல் நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு, அந்த டிசம்பரிலிருந்து படிப்படியாக பேட்டரிக்குக் கடுமையான பாதுகாப்பு விதிகளும் வந்துவிட்டன. ஆனாலும் வெளியே போகிற ஒரே வாசலை மறித்து நிறுத்தி, ராத்திரி பூரா சார்ஜ் போடுகிற வேலை மட்டும் வேண்டாம். டிடெக்டர் எழுப்பிவிடும், வாசல் இல்லாமல் எங்கே போவீர்கள்?

* * *

லைன் வீட்டு ஓனர்களிடம் இதைப் பேசிப் பார்த்தால் தனி காமெடி.

"சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு அக்ரிமென்ட்லயே போட்டிருக்கேனே தம்பி!"

"இது சுவரு இல்லண்ணா, சீலிங்."

"சீலிங்கும் என்னுதுதான்."

"அண்ணா, வீடும் உங்களுதுதான். எரிஞ்சா யாருக்கு நஷ்டம்?"

கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம், "கரன்ட் பில் ஏறுமா?" என்பார். பேட்டரியில் ஓடுவது என்று சொன்னால் முகம் மலரும். ரெண்டே ரெண்டு ஸ்க்ரூ. காலி பண்ணும்போது கழற்றிக்கொண்டும் போகலாம். ஜப்பானில் 2006-லிருந்து புது வீடுகளுக்கும், 2011-க்குள் எல்லாப் பழைய வீடுகளுக்கும் இது கட்டாயம். நம்ம சின்ன வீடுகளுக்கு யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

செலவுக் கணக்கு? மூவாயிரம் ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷத்துக்கு நேர்கோட்டு முறையில் தேய்மானம் போட்டால், ஒரு நாளைக்கு 82 பைசா. 82 பைசாவுக்கு இன்றைக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கடலை மிட்டாய்கூடக் கிடைக்காது. வை-ஃபை இல்லாத சாதா வாங்கினால் இன்னும் குறையும். சாதாவே போதுமா என்றால், ராத்திரி நாலு பேரும் வீட்டில் தூங்குகிற குடும்பத்துக்கு ரூமுக்கு ஒன்றாக சாதா தாராளமாகப் போதும். அம்மா அப்பா ரெண்டு பேரும் ஷிஃப்ட்டுக்குப் போக, வயசானவர்களோ குழந்தைகளோ தனியாக இருக்கிற வீட்டுக்கு ஸ்மார்ட் வேண்டும்.

மாட்டியதும் மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அமுக்குங்கள். குழந்தைகளுக்கும் அந்தச் சத்தம் எதற்கு என்று தெரியட்டும். கேட்டால் செய்ய வேண்டியது இது: குனிந்து, தேவைப்பட்டால் தவழ்ந்து வெளியே வருவது. புகை மேலே நிற்கும், தரையோரம்தான் மூச்சு கிடைக்கும். பாத்ரூமுக்குள் ஒளியக் கூடாது. பீரோவைத் திறக்கக் கூடாது. வாசல் சாவி எப்போதும் கதவோரம் ஒரே ஆணியில் தொங்க வேண்டும். வெளியே வந்த பிறகு 101.

'போனஸ் வரட்டும்', 'சொந்த வீடு கட்டும்போது பார்த்துக்கலாம்', 'நம்ம வீட்டில் அதெல்லாம் நடக்காது'... எல்லைப் பக்கத்துக்காரன் என்ற உரிமையில் ரெண்டு பாஷையிலும் சேர்த்துச் சொல்கிறேன்:

இந்தச் சாக்கெல்லாம் சாக்கு!